டீ கூட வேண்டாம்: டெஸ்டுக்கு வருபவர்களுக்கு மெசேஜ் அனுப்புவது எப்படி?

கோத்தகிரிப் பக்கம் ஒரு சின்ன கிளினிக்கில் ரிஜிஸ்டர் எழுதுவது என் வேலை. வாரத்தில் ஒரு நாள் காலை சுகரும் கொழுப்பும் பார்ப்போம். ஆரம்பத்தில் ஒரு தடவை, வரவேண்டிய எல்லோருக்கும் முதல் நாள் சாயங்காலம் "நாளை வெறும் வயிற்றில் வரவும்" என்று மெசேஜ் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போனேன். காலையில் வந்தவர்களில் பலர் டீ குடித்திருந்தார்கள். "சாப்பிடல தம்பி, டீ மட்டும்தான்" என்றார்கள். தேயிலைக் காட்டுக்குள் குடியிருப்பவர்களுக்குக் காலை டீ சாப்பாட்டுக் கணக்கில் வராது என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், நானும் அப்படித்தானே. இன்னொருவர் நேர்மாறு. முந்தின ராத்திரியிலிருந்து ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் குளிரில் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு பேர் மறுநாள் வந்து நின்றார்கள். "நாளைன்னுதானே போட்டிருந்தீங்க?"

அவர்கள் சொன்னது சரிதான். தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீட்டில் சிக்னல் இல்லை. காலையில் வேலைக்கு மேலே ஏறியபோதுதான் மெசேஜ் வந்து விழுந்திருக்கிறது. போன் எட்டாத இடத்தில் இருந்தால் நெட்வொர்க் அந்த மெசேஜை வைத்திருந்து, பிறகு மறுபடி அனுப்பிப் பார்க்கும். அதனால் 'நாளை' என்ற சொல் எந்த நாளில் படிக்கப்படும் என்று அனுப்புகிறவருக்குத் தெரியாது.

மெசேஜால் பலன் உண்டு, அதில் சந்தேகம் வேண்டாம். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசும் காக்ரேன் அமைப்பின் 2013 ஆய்வுத் தொகுப்பு, நினைவூட்டும் மெசேஜ் கிடைத்தவர்கள் கிடைக்காதவர்களைவிட அதிகமாக அப்பாயின்ட்மென்டுக்கு வருகிறார்கள் என்கிறது. ஆனால் ஆள் வந்துவிட்டால் மட்டும் போதாது, டெஸ்ட் எடுக்கிற நிலையில் வரவேண்டும். அதற்கு மெசேஜை எப்படி எழுதுவது, எப்போது அனுப்புவது என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

முதல் படி: ஒரே ஒரு டெஸ்டை எடுங்கள்

எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்காதீர்கள். வெறும் வயிற்று சுகரில் ஆரம்பியுங்கள்.

இரண்டாம் படி: என்ன செய்யவேண்டும் என்பதை டாக்டரிடம் எழுதி வாங்குங்கள்

இதை நீங்களாக எழுதக்கூடாது, இணையத்தில் பார்த்தும் எழுதக்கூடாது. டாக்டரோ லேப் டெக்னீஷியனோ ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரட்டும். ஒவ்வொரு டெஸ்டுக்கும் விதி வேறு என்பதால் இதில் அவசரப்படாதீர்கள்.

வெறும் வயிற்று சுகருக்கு குறைந்தது 8 மணி நேரம் எதுவும் சாப்பிடக்கூடாது, தண்ணீர் குடிக்கலாம். மூன்று மாத சுகர் என்று நாம் சொல்லும் ஹெச்பிஏ1சி டெஸ்டுக்குப் பட்டினியே வேண்டாம். கூடலூர், பந்தலூர் பக்கம் பழங்குடி மக்களுக்கு எடுக்கும் சிக்கில் செல் (பரம்பரையாக வரும் ரத்தச் சிவப்பணு நோய்) பரிசோதனைக்கும் வேண்டாம். ஒருமுறை பட்டினியோடு வந்து பழகியவர்கள் எல்லா டெஸ்டுக்கும் அப்படியே வருவார்கள். ஆகவே 'சாப்பிட்டுவிட்டு வரலாம்' என்பதையும் மெசேஜில் எழுத வேண்டும். பிரஷர் பார்ப்பதற்கு முந்தைய அரை மணி நேரத்துக்குள் காபி, டீ, பீடி, வெற்றிலை-புகையிலை கூடாது. மேடேறி மூச்சு வாங்க வந்தவரை ஐந்து நிமிடமாவது உட்காரவைத்துவிட்டுப் பாருங்கள். மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரே எடுக்கும் நாளில் அக்குளிலும் மார்பிலும் பவுடர், சென்ட் போடக்கூடாது, படத்தில் அது புள்ளியாக விழும்.

அடிவயிற்று ஸ்கேன்தான் வேடிக்கை. சிறுநீர்ப்பை நிறைந்திருக்க வேண்டும் என்பதால், "வரும்போது நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள்" என்று சொல்லிவிடுகிறோம். வளைவுக்கு வளைவு குலுங்கும் பஸ்ஸில் ஒரு மணி நேரம் நின்றுகொண்டு வருகிற கர்ப்பிணியை நினைத்துப் பாருங்கள். "வந்து சேர்ந்தபின் இங்கே தண்ணீர் குடிக்கலாம்" என்று மாற்றினால் தீர்ந்தது.

சுகர் மாத்திரை, இன்சுலின் எடுப்பவர்கள் பட்டினியோடு வழக்கம்போல் மருந்தும் எடுத்துக்கொண்டால் சுகர் இறங்கி மயக்கம் வரலாம். அவர்களுக்குப் பொது மெசேஜ் போதாது. டாக்டர் சொன்னதை ஆளுக்கு ஆள் தனியாகச் சொல்ல வேண்டும். 'மருந்தை நிறுத்தவும்' என்று மெசேஜில் ஒருபோதும் எழுதாதீர்கள். "மருந்து பற்றிக் கேட்க இந்த எண்ணுக்குக் கூப்பிடவும்" என்பது போதும்.

மூன்றாம் படி: நோட்டில் ஐந்து கட்டம்

பெயர், எண், டெஸ்ட், தேதி என்று நான்கையும் எல்லோரும் எழுதுவார்கள். ஐந்தாவது கட்டம் 'போன் யாருடையது?'. பாட்டியின் பெயருக்கு எதிரே இருப்பது திருப்பூரில் வேலை செய்யும் பேரனின் எண்ணாக இருக்கும். அப்படியானால் மெசேஜ் பேரனுக்குப் போகும், பாட்டி காலையில் டீயோடு வருவார். பக்கத்து வீட்டு எண் ஒன்றையும் கேட்டு வாங்குங்கள்.

அதே கட்டம் இன்னொரு காரியத்துக்கும் உதவும். கருப்பை வாய்ப் பரிசோதனைக்கு வரும் அக்காவின் போன் வீட்டில் நாலு பேர் கையில் புழங்கும். அந்த மெசேஜில் டெஸ்டின் பெயர் இருக்கவே கூடாது. "22 வியாழன் காலை 10 மணி செக்கப். முதல் நாள் நர்ஸிடம் பேசவும்" என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மாதவிடாய் நாளாக இருந்தால் தேதியை மாற்றுவது போன்றவற்றை நர்ஸ் போனில் சொல்லட்டும்.

மெசேஜ் அனுப்பலாமா என்று முதலிலேயே கேட்டு, சரி என்றால் ஒரு டிக் போடுங்கள். வேண்டாம் என்பவரை விட்டுவிடுங்கள்.

நான்காம் படி: எழுதுங்கள், எழுத்தை எண்ணுங்கள்

பட்டன் போன்கள் இன்னும் நிறைய இருப்பதால் வாட்ஸ்அப்பை நம்பாமல் சாதாரண எஸ்எம்எஸ்ஸில் எழுதுகிறேன். ஆங்கில எழுத்தில் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 160 இடம் கிடைக்கும், தமிழுக்கு 70தான். அதைத் தாண்டினால் மெசேஜ் துண்டு துண்டாகப் பிரியும், ஒவ்வொரு துண்டிலும் 67 இடம். இதில் இன்னொரு சிக்கல், நாம் ஒரு எழுத்து என்று நினைப்பதைப் போன் இரண்டாக எண்ணும். 'கி' என்றால் 'க' ஒன்று, கொக்கி ஒன்று. புள்ளி வைத்த எழுத்தும் இரண்டு. 'கிளினிக்' நம் கண்ணுக்கு நான்கு எழுத்து, போனுக்கு எட்டு.

தமிழை ஆங்கில எழுத்தில் அடித்து இடத்தை மிச்சம் பிடிக்கலாமே என்று தோன்றும். இளவட்டத்துக்குச் சரி. பெரியவர்களுக்கு அப்படி அனுப்பினால் படித்துச் சொல்ல ஆள் தேட வேண்டியிருக்கும்.

நான் இப்போது அனுப்புவது இது:

20-ம் தேதி செவ்வாய் காலை 8 மணி சுகர் டெஸ்ட். 19 இரவு 9-க்கு மேல் சாப்பாடு, டீ, காபி வேண்டாம். தண்ணீர் குடிக்கலாம். - கிளினிக்

மொத்தம் 125 இடம், இரண்டு துண்டுக்குள் அடங்கிவிடும். 'நாளை' இல்லை, 'வெறும் வயிறு' இல்லை, தேதியும் கிழமையும் சேர்ந்தே இருக்கின்றன. தேதியை மறந்தவருக்குக் கிழமை நினைவிருக்கும். எழுதி முடித்ததும் உங்கள் அம்மாவிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். எந்த இடத்தில் தடுமாறுகிறாரோ அந்தச் சொல்லை மாற்றுங்கள்.

ஐந்தாம் படி: எப்போது அனுப்புவது?

மூன்று நாள் முன்பு ஒன்று, முதல் நாள் ஒன்று. முதலாவது லீவு சொல்லவும் பஸ்ஸுக்கு ஏற்பாடு பண்ணவும். இரண்டாவது டீயை நிறுத்த. முதல் நாள் மெசேஜை நான் இரவு 7 மணிக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன், அதற்குள் எல்லோரும் சிக்னல் இல்லாத வீட்டுக்குப் போய்விடுவார்கள். இப்போது மாலை 4 மணிக்கு அனுப்புகிறேன். கொழுந்து எடை போடும் இடத்தில் கொஞ்சம் சிக்னல் உண்டு, அங்கே நிற்கும்போது போன் கிணுகிணுக்கும். உங்கள் ஊரில் அந்த இடம் எது, ஆட்கள் எத்தனை மணிக்கு அங்கே இருப்பார்கள் என்று விசாரித்து அதன்படி வையுங்கள். ஹெத்தையம்மன் பண்டிகை சமயத்தில் படுகர் ஊர்களுக்குத் தேதியே கொடுக்காதீர்கள், எத்தனை மெசேஜ் போட்டாலும் வரமாட்டார்கள், வரவும் கூடாது.

ஆறாம் படி: அனுப்புவது

கூகுள் மெசேஜஸ் ஆப்பில் மெசேஜை அடித்துவிட்டு, அனுப்பும் பட்டனை அழுத்திப் பிடித்தால் நாளும் நேரமும் குறிக்கலாம். செட்டிங்ஸில் டெலிவரி ரிப்போர்ட்டை ஆன் செய்யுங்கள். எல்லோரையும் ஒரே குரூப்பில் போடாமல் தனித்தனியாக அனுப்புங்கள், இல்லையென்றால் ஒருவர் எண் இன்னொருவருக்குத் தெரிந்துவிடும். ஆட்கள் நூற்றுக்கணக்கில் பெருகினால் சொந்த சிம்மை விட்டுவிட வேண்டும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் 2018-ல் கொண்டுவந்த விதிகளின்படி, நிறுவனமாக மொத்த மெசேஜ் அனுப்ப, அதற்கென உள்ள டிஎல்டி என்ற பதிவுத் தளத்தில் பதிவு செய்து, அனுப்புநர் பெயருக்கும் வாசகத்துக்கும் முன்பே ஒப்புதல் வாங்க வேண்டும். அதை மொத்த எஸ்எம்எஸ் சேவை தருபவர்களே சொல்லித் தருவார்கள்.

ஒரு மெசேஜில் அடங்காத டெஸ்ட்

டாக்டர் கொலனோஸ்கோபி (பெருங்குடலுக்குள் கேமரா விட்டுப் பார்ப்பது) எழுதிக் கொடுத்தவருக்கு மட்டும் மெசேஜ்களை வரிசையாக அனுப்புங்கள். ஒரு வாரம் முன்பு முதல் மெசேஜ்: இரும்புச்சத்து மாத்திரையோ ரத்தம் உறையாமலிருக்க மாத்திரையோ சாப்பிடுகிறவர் உடனே போன் செய்யவேண்டும். பிறகு உணவு மாற்றத்துக்கு ஒன்று. முதல் நாள் திரவ ஆகாரம் மட்டும் என்பதற்கு ஒன்று. வயிற்றைச் சுத்தம் செய்யும் மருந்துக்கு ஒன்று. இந்த மருந்தைப் பெரும்பாலும் பாதி முதல் நாள் மாலையும், மீதியைப் பரிசோதனைக்குச் சில மணி நேரம் முன்பும் குடிக்கச் சொல்வார்கள். பரிசோதனை கோயம்புத்தூரில் என்றால், இரண்டாம் பாதியைக் குடித்துவிட்டு மேட்டுப்பாளையம் பஸ்ஸில் ஏற முடியாது. இதை எந்த மருந்துச் சீட்டிலும் எழுதுவதில்லை. அதனால் என் முதல் மெசேஜிலேயே, முதல் நாளே கீழே இறங்கித் தங்கச் சொல்லிவிடுகிறேன். மயக்க மருந்து கொடுப்பதால் கூட ஒருவர் வரவேண்டும் என்பதையும் சேர்த்து.

ஏழாம் படி: அன்று காலை

டெலிவரி ரிப்போர்ட் வராதவர்களை முதல் நாள் இரவுக்குள் போனில் கூப்பிடுங்கள், எடுக்காவிட்டால் பக்கத்து வீட்டு எண். காலையில் வந்தவரிடம் "வெறும் வயிறா?" என்று கேட்காதீர்கள். எல்லோரும் ஆமாம் என்பார்கள். "எழுந்ததும் என்ன குடிச்சீங்க?" என்று கேளுங்கள். சொல்வதை அப்படியே நோட்டில் எழுதுங்கள். போன மாதம் ஒரு பாட்டி, "டீ, காபி எதுவும் தொடலை சாமி, நீ அனுப்பினதைப் பேத்தி படிச்சுச் சொன்னா. குளிருக்குச் சுக்குத்தண்ணி மட்டும், கருப்பட்டி போட்டு" என்றார். மெசேஜில் 'சுக்குத்தண்ணி'யைச் சேர்த்துப் பார்த்தேன், 140 ஆகி மூன்றாம் துண்டுக்குப் போனது. கடைசியில் இருந்த 'கிளினிக்'கை எடுத்துவிட்டேன். இப்போது 129.