பழைய காகசஸ் கிலிம், சுமாக்: வடிவத்தின் மூலத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

கிலிம், சுமாக் இரண்டும் முடிச்சுப் போடாமல் தட்டையாக நெய்த விரிப்புகள்; காகசஸ், கருங்கடலுக்கும் காஸ்பியன் கடலுக்கும் இடையிலான பகுதி. முதலில் விரிப்பைத் திருப்பிப் போடுங்கள். பின்புறம் நூல் முனைகள் தொங்கினால் பெரும்பாலும் சுமாக். இருபுறமும் ஒன்றுபோல் இருந்தால் கிலிம். இதைப் பார்க்காமல் வடிவத்தைப் படிக்கவே கூடாது. பாதி வடிவத்தைத் தீர்மானிப்பது நெசவு முறைதான்.

கிலிமில் இரண்டு நிறங்கள் செங்குத்தாகச் சந்திக்கும் இடத்தில் பிளவு விழும். பிளவு நீண்டால் விரிப்பு வலுவிழக்கும். அதனால் நிறத்தின் ஓரத்தைச் சில ஊடை (குறுக்கு நூல்) வரிசைக்கு ஒருமுறை நகர்த்திப் படிக்கட்டாக நெய்தார்கள். இன்றைய அஜர்பைஜானில் உள்ள ஷிர்வான் பகுதியின் கிலிம்களில் வரும் பல்விளிம்பு அறுகோணங்களைக் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள்: ஒவ்வொரு படியின் ஓரத்திலும் ஒரு சின்னப் பிளவு இருக்கும். அந்த அழகு தறியின் கட்டாயத்திலிருந்து வந்தது!

சுமாக்கில் ஊடை, பொதுவாக நான்கு பாவு நூலின் (நெடுக்கு நூல்) மேல் போய் இரண்டின் அடியில் திரும்பிச் சுற்றும். பிளவு பயம் இல்லாததால் முடிச்சுக் கம்பளத்தின் வடிவங்களையும் எடுத்தாள முடிந்தது. டிராகன் உருவங்கள் நெய்த சுமாக் கிடைத்தால், 17, 18ஆம் நூற்றாண்டு காகசஸ் டிராகன் கம்பளத்தின் படத்தைப் பக்கத்தில் வையுங்கள். அங்கே நீண்ட இலைகள் போட்ட சாய்சதுரக் கட்டம் இங்கேயும் தெரியும், இன்னும் இறுகிய கோணங்களில்.

சந்தைப் பெயரை மட்டும் ஊர்ப் பெயராக நம்பாதீர்கள். ‘சிலே’, ‘வெர்னே’ எல்லாம் விரிப்பு வகைகளின் பெயர்கள்.