மிரர்லெஸ் கேமராவில் படம் எடுப்போர் தவிர்க்க வேண்டிய வீடியோ அமைப்புத் தவறுகள்

சொந்த முயற்சியில் படம் எடுப்பவர்களுக்கு மிரர்லெஸ் கேமரா பெரிய வாய்ப்பைத் திறந்துவிட்டிருக்கிறது. ஆனால் அதன் மெனுவுக்குள் நுழைந்ததும் பலர் செய்வது, ஒவ்வொரு வரிசையிலும் கண்ணில் படும் மிகப் பெரிய எண்ணைத் தேர்ந்தெடுப்பதுதான். முக்கால்வாசித் தவறுகள் இந்தப் பழக்கத்திலிருந்தே பிறக்கின்றன. படம் கடைசியில் எந்தத் திரையில் ஓடப் போகிறது, அதை எந்தக் கணினியில் தொகுக்கப் போகிறோம் என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை கண்ட பிறகே அமைப்புகளில் கை வைக்க வேண்டும்.

முதலில் உறுதி செய்ய வேண்டியது ஃபிரேம் ரேட், அதாவது வினாடிக்கு எத்தனை தனிப்படங்கள் (ஃபிரேம்கள்) பதிவாகின்றன என்பது. திரையரங்குத் திரையிடலில் வினாடிக்கு 24 ஃபிரேம் என்பதே வழக்கம். ஆனால் மெனுவில் 24 என்று காட்டும் கேமராக்களில் பல உண்மையில் 23.976-இல் பதிவு செய்கின்றன. பால் (PAL), என்டிஎஸ்சி (NTSC) என்ற தொலைக்காட்சி முறைகளுக்கான தேர்வைப் பால் முறைக்கு மாற்றினாலோ, கிடைக்கும் எண்களே 25, 50, 100 என்று மாறிவிடும். 24-க்கும் 23.976-க்கும் இடையிலான வேறுபாடு ஆயிரத்தில் ஒரு பங்குதான் என்றாலும், ஒரு மணி நேரத்தில் அது 3.6 வினாடியாகச் சேரும்; முடித்த படத்தை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும்போது ஒலியையும் அதே அளவுக்கு மாற்றாவிட்டால் உதட்டசைவும் வசனமும் மெல்ல மெல்ல விலகும். ஆகவே இரண்டு கேமராக்கள் இருந்தால் இரண்டிலும் ஒரே எண் இருக்கிறதா என்று படப்பிடிப்புக்கு முன்பே பார்த்துவிட வேண்டும்.

‘எப்போதாவது ஸ்லோ மோஷன் தேவைப்படலாம்’ என்று எல்லாவற்றையும் 60 ஃபிரேமில் எடுத்து வைப்பதும் வீண். 60-ஐ 24-ஆல் வகுத்தால் 2.5 வரும், எனவே இயல்பான வேகத்தில் ஓட்டும்போது மென்பொருள் சீரற்ற இடைவெளியில் ஃபிரேம்களைக் கைவிடும், நடந்து வருபவர் விட்டுவிட்டு நகர்வதுபோல் தெரிவார். எந்த ஷாட் மெதுவாக ஓட வேண்டும் என்பதை முன்பே தீர்மானித்து, அதை மட்டும் அப்படி எடுப்பதே முறை.

ஷட்டர் வேகம் ஃபிரேம் ரேட்டின் இரு மடங்கை ஒட்டி இருந்தால்தான் அசைவில் நம் கண் பழகிய மங்கல் கிடைக்கும். 24 ஃபிரேமுக்கு அது 1/48 அல்லது 1/50 வினாடி. இந்த விதியை மனப்பாடமாக வைத்திருப்பவர்கள்கூட விளக்குகளை மறந்துவிடுகிறார்கள். மின்சாரம் 50 ஹெர்ட்ஸில் ஓடும் நாடுகளில் சாதாரண விளக்குகள் வினாடிக்கு 100 முறையும், 60 ஹெர்ட்ஸ் நாடுகளில் 120 முறையும் மினுக்குகின்றன. முதல் வகை நாடுகளில் 1/50 பாதுகாப்பானது. இரண்டாம் வகையில் 1/60-க்கு மாறுவது நல்லது, அசைவில் அதனால் வரும் வேறுபாடு மிகச் சிறியது. மங்கலாக்கப்பட்ட சில எல்இடி விளக்குகள் இந்தக் கணக்குக்குள் அடங்குவதில்லை. வெற்றுச் சுவரைச் சட்டத்தில் வைத்து, சாம்பல் பட்டைகள் மேலும் கீழும் ஊர்கின்றனவா என்று சில வினாடிகள் கவனித்தால் தெரிந்துவிடும்.

வெயிலில் ஒளி மிகுந்துவிட்டது என்று ஷட்டரை 1/1000-க்கு உயர்த்துவது அடுத்த தவறு. அசைவு வெட்டிவெட்டித் தெரியும். அதைப் பிறகு முழுமையாகச் சரிசெய்ய வழியில்லை. புதிய லென்ஸுக்குச் செலவிடும் முன் லென்ஸுக்குள் வரும் ஒளியைக் குறைக்கும் ஒரு நல்ல என்டி ஃபில்டர் வாங்குங்கள் என்றே நான் சொல்வேன்.

லாக் பதிவைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. கேமரா நிறுவனங்கள் தரும் எஸ்-லாக்3, வி-லாக், சி-லாக் போன்ற லாக் முறைகள் அதிக ஒளி வேறுபாட்டைக் கோப்புக்குள் அடக்குவதற்காக நிறங்களையும் வெளிச்சத்தையும் நெருக்கி வைக்கின்றன. வண்ணச்சீரமைப்பில் அவற்றை மீண்டும் விரிக்கிறோம். 8-பிட் பதிவில் ஒரு நிறத்துக்கு 256 படிநிலைகளே உண்டு, 10-பிட்டில் 1024. 8-பிட்டில் லாக் எடுத்து விரித்தால் மாலை வானம் வழவழப்பாக மாறாமல் வரிவரியாகப் பிரிந்து நிற்கும். 10-பிட் வசதி இல்லாத கேமராவில், கான்ட்ராஸ்ட்டும் ஷார்ப்னஸும் குறைத்த சாதாரண பிக்சர் புரொஃபைலில் (கேமராவின் பட நிற அமைப்பில்) கவனமாக எடுத்த காட்சியே மேலானது.

லாக்கில் எக்ஸ்போஷர், அதாவது பதியும் ஒளியின் அளவு, பார்ப்பதும் வேறு விதம். திரையில் படம் வெளிறித் தெரிவதால், ஒளி மிகுந்துவிட்டதாக எண்ணி அப்பர்ச்சரை (லென்ஸின் ஒளித்துளையை) மூடுபவர்கள் ஏராளம். எஸ்-லாக்3-இல் 18 சதவீதச் சாம்பல் சிக்னலின் 41 சதவீத அளவிலும், 90 சதவீத வெள்ளை 61 சதவீத அளவிலும்தான் அமர வேண்டும்; வெள்ளைச் சட்டையே மங்கலாகத் தெரிவது அங்கே இயல்பு. கண்ணை நம்பி ஒளியைக் குறைத்தால் முகம் நிழலுக்குள் போகும், பிறகு அதை உயர்த்தும்போது கன்னத்திலும் கழுத்திலும் இரைச்சல் (புள்ளிப்புள்ளியான கறை) கொதிக்கும். திரையில் மட்டும் இயல்பான நிறத்தைக் காட்டும் உதவி அமைப்பை இயக்கிக்கொண்டு, ஸீப்ராவையோ (குறித்த ஒளி அளவை எட்டிய இடங்களில் தோன்றும் கோடுகள்) வேவ்ஃபார்மையோ (ஒளி அளவைக் காட்டும் வரைபடம்) பார்த்து ஒளியைத் தீர்மானிக்க வேண்டும்.

ஒளி உணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓ எண் குறைந்தால் படம் எப்போதும் சுத்தமாக இருக்கும் என்ற நம்பிக்கையும் இங்கே செல்லாது. பல கேமராக்களுக்கு இரண்டு அடிப்படை ஐஎஸ்ஓ (படம் மிகத் தெளிவாக வரும் எண்கள்) உண்டு. சோனி எஃப்எக்ஸ்3-இல் எஸ்-லாக்3-க்கு அவை 800, 12800. கீழ் அடிப்படையிலிருந்து 6400 வரை ஏற்றி எடுத்த நிழல்களைவிட 12800-இல் எடுத்தவை தெளிவாக இருக்கும். நம் கேமராவின் எண்களைக் கையேட்டில் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஒளியின் நிறத்துக்கேற்பப் படத்தின் நிறத்தைச் சரிசெய்யும் வைட் பேலன்ஸைத் தானியங்கியில் விடுவது, படத்தொகுப்பில்தான் தன் சேதத்தைக் காட்டும். ஜன்னலோரம் இருவர் பேசுகிறார்கள். மஞ்சள் புடவை அணிந்த ஒருவர் சட்டத்துக்குள் வந்து அமர்கிறார். கேமரா மஞ்சளை ஈடுகட்டப் பார்க்க, பின்சுவர் மெல்ல நீலம் பாய்கிறது. ஒரே ஷாட்டுக்குள் நகரும் நிறத்தைச் சரிசெய்ய ஃபிரேம் ஃபிரேமாகப் பாடுபட வேண்டியிருக்கும். பகல் ஒளிக்கு 5600 கெல்வின், டங்ஸ்டன் விளக்குக்கு 3200 கெல்வின் என்று ஓர் எண்ணில் பூட்டிவிட்டால், அது சற்றுப் பிசகியிருந்தாலும் காட்சி முழுவதையும் ஒரே திருத்தத்தில் மீட்டுவிடலாம்.

கோப்பு வகையில் மெகாபிட்டையும் மெகாபைட்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. 100 மெகாபிட் வேகம் வினாடிக்கு 12.5 மெகாபைட், அதாவது மணிக்கு 45 ஜிபி. ஒவ்வொரு ஃபிரேமையும் தனித்தனியே சுருக்கும் ஆல்-இன்ட்ரா முறையில் 600 மெகாபிட் எடுத்தால் அது 75 மெகாபைட், மணிக்கு 270 ஜிபி. இதற்கு வினாடிக்கு 60 மெகாபைட் எழுத்து வேகத்தை உறுதிசெய்யும் வி60 கார்டு போதாது, 90 மெகாபைட் தரும் வி90 வேண்டும். எச்.265 என்ற சுருக்க முறையில் பதிவான கோப்பு சிறியது, ஆனால் பழைய கணினியில் திணறும். அப்போது பிராக்ஸி (தொகுக்க எளிதான சிறிய நகல்) உருவாக்கித் தொகுக்கலாம்.

கேமராவுக்குள் இருக்கும் நிலைப்படுத்தலை, டிரைபாடில் வைத்து எடுக்கும்போதும் அகல லென்ஸோடு நடக்கும்போதும் சோதித்துப் பார்த்த பிறகே நம்ப வேண்டும். சட்டத்தின் ஓரங்கள் நெளியக்கூடும்.

ஒலி அளவையும் தானியங்கியில் விடலாகாது. வசனத்தின் இடைவெளிகளில் அது தானாக உயர்ந்து மின்விசிறியின் இரைச்சலை முன்னுக்குக் கொண்டுவரும். கையால் அமைத்து, வசனத்தின் உச்சம் -12 டெசிபல் அருகே நிற்குமாறு பார்த்துக்கொள்ள வேண்டும். தனி ரெக்கார்டர் இருந்தாலும், பின்னர் ஒத்திசைக்க உதவும் என்பதால் கேமராவின் ஒலிப்பதிவை அணைக்கக் கூடாது. ஸ்லோ மோஷன் முறையில் பல கேமராக்கள் ஒலியைப் பதிவு செய்வதில்லை. அந்த ஷாட்டை முடித்து வசனக் காட்சிக்குத் திரும்பும்போது, ‘ஆக்‌ஷன்’ சொல்வதற்கு முன் திரையில் ஒலி அளவுக் கோடு அசைகிறதா என்று பார்த்துவிட வேண்டும்.