சிறார் இல்லங்களில் படிப்பும் தொழிற்பயிற்சியும்: நல்லெண்ணத்தோடு செய்யும் தவறுகள்

குற்றவழக்கில் சிக்கி இல்லத்துக்கு வந்த பிள்ளைகளுக்குப் படிப்பும் ஒரு தொழிலும் கற்றுத்தர வேண்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் நடைமுறையில், இல்லத்தில் எதை நடத்துவது சுலபமோ அதுதான் பயிற்சியாகிவிடுகிறது. யாரோ நாலு தையல் இயந்திரம் நன்கொடையாகக் கொடுத்தார்கள், அதனால் தையல் வகுப்பு. வெல்டிங் தெரிந்த ஒருவர் வாரம் இரண்டு நாள் வரச் சம்மதித்தார், அதனால் வெல்டிங். இந்தப் பையன் எப்போது வெளியே போவான், எந்த ஊருக்குப் போவான், அங்கே என்ன வேலை கிடைக்கும் என்று கேட்டுவிட்டுத் திட்டம் போடுபவர்கள் குறைவு. கீழே சொல்பவற்றில் பெரும்பாலானவை இந்த ஒரு தவறின் கிளைகள்தான்.

முதலில் நாள் கணக்கு. ஒரு வருடப் பாடத்திட்டத்தை அப்படியே கொண்டுவந்து வைக்கிறார்கள். பிள்ளையோ மூன்றாம் மாதமே நீதிமன்ற உத்தரவு வந்து கிளம்பிவிடுகிறான். கையில் பாதிப் பயிற்சி, சான்றிதழ் இல்லை. அதை விட, சில வாரங்களில் முடியும் சிறு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனிச் சான்று கொடுப்பது மேல். விட்ட இடத்திலிருந்து தொடர, வெளியே ஒரு பயிற்சி நிலையத்தோடு முன்கூட்டியே பேசி வைத்திருக்க வேண்டும்.

அடுத்தது, அதிகம் பேசப்படாத ஒன்று: வாசிப்பும் கணக்கும். ‘இவனுக்குப் படிப்பு ஏறாது, கைத்தொழில் கொடுப்போம்’ என்று சொல்லித் தச்சுப்பட்டறைக்கு அனுப்புகிறோம். அங்கே அவன் கையில் கொடுக்கும் முதல் கருவியே அளவு நாடா. ஓர் அங்குலத்துக்குள் அரை, கால், அரைக்கால் என்று கோடுகள். பின்னம் தெரியாதவனுக்கு அது வெறும் கீறல். பயிற்சியாளர் இரக்கப்பட்டு, சரியான நீளத்தில் ஒரு குச்சியை வெட்டிக் கொடுத்து ‘இதே அளவுக்கு அறு’ என்கிறார். பையன் அழகாக அறுக்கிறான், எல்லோருக்கும் சந்தோஷம். வெளியே போய் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், மேஸ்திரி ‘மூன்றடி ஏழேகால் அங்குலம்’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். இவன் நாடாவைப் பிடித்தபடி நிற்பான். தெரியாது என்று சொல்லக் கூச்சம். இரண்டு பலகை வீணானதும் நாளை முதல் வர வேண்டாம் என்பார்கள். கை வேலையில் ஒரு குறையும் இல்லை, கணக்கில்தான் கோட்டை விட்டோம். இதற்காகத் தனியாக நாலாம் வகுப்புப் புத்தகத்தைப் பிரித்து உட்கார வைத்தால் பதினாறு வயதுக்காரனுக்கு அவமானமாக இருக்கும். பின்னத்தை அந்த நாடாவை வைத்தே, பட்டறையிலேயே சொல்லித்தரலாம்.

சேரும்போதே ஒரு சோதனை செய்து, யார் எந்த அளவில் இருக்கிறார்கள் என்று பார்ப்பது அவசியம். அதோடு கண், காது பரிசோதனையும். கரும்பலகை தெரியாமல் வகுப்பில் சேட்டை செய்து, ‘அடங்காதவன்’ என்று பெயர் வாங்கிய பிள்ளைகள் உண்டு. இல்லங்களுக்கு வரும் சிறார்களில் மொழித்திறன் குறைபாடும் கற்றல் குறைபாடும் மற்ற பிள்ளைகளை விட அதிகம் என்பது பல நாட்டு ஆய்வுகளிலும் திரும்பத் திரும்பத் தெரியவந்த விஷயம். நீளமாகச் சொன்ன கட்டளை பாதி புரியாமல் போவதைத் திமிர் என்று எடுத்துக்கொள்கிறோம்.

இதற்கு எதிர்ப்பக்கத் தவறும் இருக்கிறது. படிக்க ஆசைப்படும் பிள்ளையையும் சேர்த்துத் தொழிலுக்குத் தள்ளுவது. காவலில் வைக்கப்பட்ட சிறாரின் பாதுகாப்புக்காக 1990-இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற ஹவானா விதிகள், கட்டாயக் கல்வி வயதில் உள்ள சிறாருக்குக் கூடியவரை இல்லத்துக்கு வெளியே, சாதாரணப் பள்ளியிலேயே படிப்பு கொடுக்கச் சொல்கின்றன. அந்தப் படிப்பு நாட்டின் கல்வி முறையோடு இணைந்திருக்க வேண்டும், விடுதலையான பிறகு சிரமமில்லாமல் தொடர முடிய வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது. இல்லத்துக்குள் தனிப் பாடம், தனித் தேர்வு என்று நடத்தினால், வெளியே எந்தப் பள்ளி அதை ஏற்கும்?

அதே விதிகள் இன்னொன்றையும் தெளிவாகச் சொல்கின்றன: சான்றிதழில் அந்தப் பிள்ளை இல்லத்தில் இருந்ததற்கான அடையாளம் எந்த வகையிலும் இருக்கக் கூடாது. ஆனால் இல்லத்தின் பெயரைப் பெரிதாக அச்சிட்டு, கண்காணிப்பாளர் கையெழுத்தோடு முத்திரையும் குத்திக் கொடுப்பவர்கள் உண்டு. அதை எந்த முதலாளியிடம் நீட்டுவான்? நான் அவன் இடத்தில் இருந்தால் கிழித்துப் போட்டிருப்பேன். வெளியில் உள்ள தேர்வு வாரியமோ பயிற்சி நிலையமோ தன் பெயரில் கொடுப்பதுதான் சான்றிதழ். பட்டமளிப்பு விழாப் படத்தை முகம் தெரிய வெளியிடுவதும் இதே ரகம்தான்.

பெண் பிள்ளைகள் என்றால் தையல், அழகுக்கலை, அப்புறம் எம்பிராய்டரி. அதோடு பட்டியல் முடிந்தது. பெண் சிறார்களுக்குக் கிடைக்கும் கவனிப்பும் பயிற்சியும் பையன்களுக்குக் கிடைப்பதை விடக் குறையக் கூடாது என்று சிறார் நீதிக்கான ஐ.நா.வின் 1985 பெய்ஜிங் விதிகளே சொல்லிவிட்டன. பையன்களுக்கும் பழைய சரக்குதான் கிடைக்கிறது. கார்புரேட்டர் எஞ்சினை மட்டும் பிரித்து மாட்டக் கற்றவனுக்கு, சென்சாரும் பேட்டரியும் வைத்து ஓடும் வண்டியைப் பார்த்தால் கை ஓடாது.

வகுப்பைத் தண்டனைக்கும் பரிசுக்கும் பயன்படுத்துவது தனிக்கதை. ‘நேற்று சண்டை போட்டாய், இன்று பட்டறை கிடையாது’ என்றால், பட்டறை யாருக்கு அதிகம் தேவையோ அவனுக்கே அது போய்விடும். வேலையைத் தண்டனையாகக் கொடுப்பதும் கூடாது. பயிற்சி என்ற பெயரில் வெளி ஆர்டர்களை எடுத்து, பிள்ளைகளை நாள் முழுக்கப் பொத்தான் தைக்க வைப்பதும் கூடாது. இல்லத்தின் லாபத்துக்காகச் சிறாரின் நலனையும் பயிற்சியையும் பின்னுக்குத் தள்ளக் கூடாது என்பது ஹவானா விதிகளில் நேராகவே இருக்கிறது. கூலி தரும் வேலையாக இருந்தால் அதில் ஒரு பங்கைச் சேமிப்பாக வைத்து, வெளியேறும்போது கொடுக்கச் சொல்கிறார்கள்.

அந்தச் சேமிப்பு எதற்கு என்பது வெளியேறிய முதல் வாரத்திலேயே தெரியும். வேலை கிடைத்தாலும் முதல் சம்பளம் கைக்கு வர ஒரு மாதம் ஆகும். அதுவரை பஸ்ஸுக்குக் காசு, சாப்பாடு, போட்டுக்கொள்ள நல்ல சட்டை எல்லாம் வேண்டும். பழைய நண்பர்கள் கடன் கொடுக்கத் தயாராக இருப்பார்கள், அந்தக் கடனை எப்படித் திருப்பிக் கேட்பார்கள் என்பது நமக்குத் தெரிந்ததுதான். பிறப்புச் சான்று, அடையாள அட்டை, வங்கிக் கணக்கு மூன்றையும் விடுதலைக்கு முந்தைய நாள் தேடத் தொடங்குவதும் வழக்கமான தவறு. உள்ளே வந்த முதல் வாரமே அந்த வேலையை ஆரம்பித்துவிடுங்கள். வழக்கு பற்றி முதலாளியிடம் சொல்ல வேண்டுமா என்பது சட்டமும் அந்தப் பிள்ளையும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டியது. நல்லது செய்கிறோம் என்று நாமாகப் போய்ச் சொல்லிவிடக் கூடாது.

கடைசியாகப் புள்ளிவிவரம். ராண்ட் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனம் 2013-இல் அமெரிக்கச் சிறைக் கல்வி பற்றிய பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தது. கல்வியில் சேர்ந்த கைதிகளிடம் மறுபடி குற்றத்தில் விழும் வாய்ப்பு விகிதம் (விழுந்தவர்களுக்கும் விழாதவர்களுக்கும் உள்ள விகிதம்) 43% குறைவு என்றது. இதை ‘நூற்றுக்கு 43 பேர் திருந்துகிறார்கள்’ என்று மேடையில் சொல்லிவிடுகிறார்கள். அதே அறிக்கையில் நேர்க்கணக்கில் வந்த குறைவு 13 சதவீதப் புள்ளிகள், அதாவது நூற்றுக்குச் சுமார் 13 பேர், அதுவும் வயதுவந்த கைதிகளிடம். அதுவே பெரிய பலன்தான், ஊதிக்காட்டத் தேவையில்லை. நம் இல்லத்தின் கணக்கிலும் எத்தனை பேர் சான்றிதழ் வாங்கினார்கள் என்பதோடு நிற்காமல், ஆறு மாதம் கழித்து எத்தனை பேர் வேலையிலோ பள்ளியிலோ இருக்கிறார்கள் என்று எழுதி வையுங்கள். அதற்கென்று ஒருவரைச் சம்பளத்துக்கு வைக்க வேண்டும், மற்ற வேலைகளுக்கு நடுவே பார்த்துக்கொள்ளலாம் என்றால் நடக்காது. விசாரிக்கும்போது முதலாளியின் எண்ணுக்குக் கூப்பிடாமல், பிள்ளையின் எண்ணுக்கே, வேலை முடிந்த நேரம் பார்த்துக் கூப்பிடச் சொல்லுங்கள்.