டர்பன் காற்றை நாமே அளப்பது எப்படி

தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் தெற்குப் பகுதியான மியர்பேங்கில் வளர்ந்தவர்களுக்குக் காற்றைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஒரு பக்கம் எஞ்சென் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, தெற்கே சப்ரெஃப் என்ற இன்னொரு சுத்திகரிப்பு ஆலை, நடுவில் காகித ஆலை. ராத்திரி தீக்குச்சி கிழித்த மாதிரி வாடை வந்தால் அம்மா எழுந்து ஜன்னலைச் சாத்துவார், அவ்வளவுதான் எங்களுக்குத் தெரிந்த கண்காணிப்பு. செட்லர்ஸ் தொடக்கப் பள்ளியில் ஆராய்ச்சியாளர்கள் வந்து பார்த்தபோது பாதிப்பேருக்கு மேல் ஆஸ்துமா இருந்தது. இப்போது நிலைமை மாறிவிட்டது. 2020 டிசம்பர் 4ஆம் தேதி எஞ்சென் ஆலை வெடித்துத் தீப்பிடித்தது, அதற்கப்புறம் அங்கே சுத்திகரிப்பு நடக்கவில்லை, கிடங்காக மாற்றிவிட்டார்கள். சப்ரெஃப் 2022இல் நின்றது. "அதான் ரெண்டும் மூடியாச்சே, இனி என்ன காற்றுப் பேச்சு?" என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். துறைமுகத்துக்குப் போகிற லாரிகள் மூடவில்லை, ஜேக்கப்ஸ் தொழிற்சாலைகள் மூடவில்லை, கரும்புத் தோட்டத் தீ நிற்கவில்லை. பழைய எதிரி போய்விட்டதால் பழைய அனுபவத்தை வைத்து இன்றைய காற்றை யாரும் சொல்ல முடியாது. அளந்துதான் சொல்ல வேண்டும். ஒரு வீட்டில் மட்டும் அளந்தாலும் போதாது, நகரம் முழுக்கப் பல இடங்களில் ஒரே நேரத்தில் அளக்க வேண்டும். அதை எப்படிச் செய்வது என்று நாங்கள் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டதை எழுதுகிறேன்.

கருவி வாங்கும் முன்னால் ஒரு தாளில் உங்கள் கேள்வியை எழுதுங்கள். "காற்று கெட்டிருக்கிறதா" என்பது கேள்வியே இல்லை, அதற்கு எந்தக் கருவியும் பதில் சொல்லாது. "மாலை ஏழு மணிக்கு மேல் எங்கள் தெருவில் வரும் புகை நெடுஞ்சாலையிலிருந்து வருகிறதா, தொழிற்சாலைப் பக்கமிருந்து வருகிறதா", இது கேள்வி. கேள்வி தெளிவானால் எத்தனை கருவி, எங்கே மாட்டுவது என்பதெல்லாம் தானாக வந்துவிடும்.

சாதாரண மக்கள் வாங்கக்கூடிய மலிவுக் கருவிகள் பெரும்பாலும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. உள்ளே ஒரு சின்ன விசிறி காற்றை இழுக்கும், லேசர் ஒளி அந்தக் காற்றில் மிதக்கும் துகள்கள் மேல் பட்டுச் சிதறும், அந்தச் சிதறலிலிருந்து பி.எம். 2.5 என்ற நுண்துகள் எவ்வளவு என்று கணக்குப் போடும். பர்ப்பிள் ஏர் என்ற கருவியில் இப்படி இரண்டு சென்சார் இருக்கும். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் ஒன்றில் தூசியோ பூச்சியோ புகுந்துவிட்டது என்று உடனே தெரியும், அதனால் கையில் காசு இருந்தால் இதை வாங்கலாம். இல்லையென்றால் மக்களே கருவி பூட்டி எண்களைப் பகிர்ந்துகொள்ளும் சென்சார்.கம்யூனிட்டி திட்டத்தின்படி எஸ்.டி.எஸ். 011 சென்சாரையும் ஒரு வைஃபை சிப்பையும் வாங்கிப் பிள்ளைகளே ஒரு மாலையில் பூட்டிவிடலாம். அந்தச் சென்சாரின் லேசருக்கு 8000 மணி நேர ஆயுள் என்று தயாரிப்பாளர் சொல்கிறார். விடாமல் ஓடவிட்டால் ஒரு வருஷம்கூட வராது, அதனால் இரண்டரை நிமிஷத்துக்கு ஒரு முறை மட்டும் விழித்து அளக்கிற மாதிரி விடுங்கள்.

இந்தக் கருவிகள் எதை அளக்காது என்பது இன்னும் முக்கியம். தெற்கு டர்பனில் எங்கள் தலைமுறையின் பெரிய தொல்லை சல்ஃபர் டை ஆக்சைடு. லேசர் கருவிக்கு அந்த வாயு கண்ணிலேயே படாது. தீக்குச்சி வாடை தொண்டையைப் பிடித்து இழுக்கும்போது கருவி பச்சை நிறத்தைக் காட்டிக்கொண்டிருக்கும், அதைப் பார்த்து ஏமாறாதீர்கள். வாயுவுக்குத் தொங்கவிடும் குழாய்கள் உண்டு, இரண்டு வாரமோ ஒரு மாதமோ தொங்கவிட்டு ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். ஆனால் அது சராசரியைத்தான் சொல்லும், பத்து நிமிஷம் வந்து போன வீச்சைச் சொல்லாது. இங்கே 2000ஆம் ஆண்டுவாக்கில் தெற்கு டர்பன் மக்கள் பிளாஸ்டிக் வாளிக்குள் ஒரு பையை வைத்து, வாடை வருகிற நேரத்தில் காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். பென்சீன் போன்ற ஆவிகளுக்கு இன்றும் அது நல்ல வழி. தொடர்ந்து சல்ஃபர் டை ஆக்சைடு பார்க்க அரசு நிலையங்களின் எண்களைத்தான் நம்ப வேண்டும். தேசிய வானிலைச் சேவை நடத்தும் சாக்விஸ் தளத்தில் அவை கிடைக்கும். எந்த நிலையத்துக்கு இன்று எண் வருகிறது, எது காலியாக இருக்கிறது என்று முதலில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

சரி, எங்கே மாட்டுவது? டர்பனில் காற்று பெரும்பாலும் கடற்கரையை ஒட்டியே ஓடுகிறது, ஒன்று வடகிழக்கிலிருந்து, இல்லையென்றால் தென்மேற்கிலிருந்து. இதை வைத்துத்தான் எங்கள் வலை முழுவதையும் போட்டோம். இசிபிங்கோ, மியர்பேங்க், ஜேக்கப்ஸ், துறைமுகம் என்று கரையோரமாக ஒரு கோடு. தென்மேற்குக் காற்றில் இசிபிங்கோ கருவி சும்மா இருந்து மியர்பேங்க் கருவி ஏறினால், இடையில் ப்ராஸ்பெக்டன் தொழிற்பேட்டைப் பக்கம் ஏதோ நடக்கிறது என்று சந்தேகப்படலாம். வடகிழக்குக் காற்றில் ஏறினால் ஜேக்கப்ஸ், துறைமுகப் பக்கம் பாருங்கள். இந்தக் கோட்டோடு நிறுத்தாமல் மேட்டில் ஒன்று, சாட்ஸ்வொர்த்தில்; வடக்கே கரும்புக் காடு இருக்கும் டோங்காட்டில் ஒன்று; ஃபீனிக்ஸில் ஒன்று; வாரிக் சந்திப்பு மாதிரி மினிபஸ் டாக்சி நெரிசல் உள்ள இடத்தில் ஒன்று; எந்தப் புகை மூலமும் பக்கத்தில் இல்லாத அமைதியான இடத்தில் கட்டாயம் ஒன்று. கடைசியாகச் சொன்னதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள், அது இல்லாமல் நகரம் முழுக்கப் பரவிய மங்கலையும் உங்கள் தெருவின் புகையையும் பிரிக்கவே முடியாது.

வீட்டில் மாட்டும்போது தலைக்கு மேல் உயரம், காற்று நன்றாக வந்து போகிற சுவர், மழை நேரே படாத இடம். அடுப்படி ஜன்னல் பக்கம் வேண்டாம், பிராய் (வெளியில் நெருப்பு மூட்டி இறைச்சி சுடுவது) போடும் மூலை வேண்டாம். எங்கள் முதல் கருவி தினமும் காலை ஆறு மணிக்கு ஏறியது, இரண்டு வாரம் அதை லாரிப் புகை என்றே நம்பினோம். கடைசியில் பார்த்தால் விளக்கேற்றிச் சாம்பிராணி போடுகிற இடத்துக்கு நேர் வெளியே அது தொங்கியது. இதே காரணத்தால் ஆடி மாதக் கஞ்சிப் பூசைக்குக் கோயிலில் விறகடுப்பு மூட்டும் நாட்களையும் குறித்து வையுங்கள். ஆடி இங்கே நடுக் குளிர்காலம். குளிர்கால இரவில் மேலே இருக்கும் வெதுவெதுப்பான காற்று மூடி போட்ட மாதிரி கீழே உள்ள புகையைப் பிடித்து வைத்துக்கொள்ளும், மே முதல் ஆகஸ்ட் வரை விடிகாலை எண்கள் ஏறுவதற்கு இதுவே பெரிய காரணம். கோயில் அடுப்பைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. நம் புகையை நாமே நேர்மையாகக் கணக்கில் வைத்தால்தான் மற்றவர் புகையைப் பற்றிப் பேசும்போது யாரும் நம் வாயை அடைக்க முடியாது.

பல இடங்களுக்குப் பிரித்து அனுப்பும் முன் எல்லாக் கருவிகளையும் ஒரே சுவரில் இரண்டு வாரம் ஓடவிடுங்கள். முடிந்தால் அரசு நிலையத்துக்குப் பக்கத்தில் ஓடவிட அனுமதி கேளுங்கள். ஒரே காற்றுக்கு ஒரு கருவி 20 என்றும் இன்னொன்று 26 என்றும் காட்டலாம், அந்த வித்தியாசத்தை எழுதி வைக்காமல் பிரித்துவிட்டால் பிறகு ஃபீனிக்ஸுக்கும் மியர்பேங்குக்கும் இடையில் நீங்கள் காணும் வித்தியாசம் காற்றுடையதா கருவியுடையதா என்று சாகும்வரை தெரியாது.

அப்புறம் ஈரப்பதம். டர்பனில் இதுதான் பெரிய சிக்கல். ஈரக் காற்றில் துகள்கள் தண்ணீரைக் குடித்து ஊதிவிடும், லேசர் அவற்றைப் பெரிசாகப் பார்த்து எண்ணை ஏற்றிக் காட்டும். பர்ப்பிள் ஏர் கருவிக்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை ஒரு திருத்தக் கணக்கு வைத்திருக்கிறது: கருவியின் எண்ணை 0.524ஆல் பெருக்கி, ஈரப்பத சதவீதத்தை 0.0862ஆல் பெருக்கிக் கழித்து, 5.75 கூட்ட வேண்டும். கருவி 60 காட்டுகிறது, ஈரப்பதம் 85 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள், திருத்திய பிறகு வருவது ஏறக்குறைய 30தான். பாதி! திருத்தாத எண்ணைத் தூக்கிக்கொண்டு போய்க் கூட்டத்தில் பேசினால் எதிர்ப்பக்க நிபுணர் ஒரே நிமிஷத்தில் உங்களை உட்கார வைத்துவிடுவார். அந்தக் கணக்கு அங்கத்திய காற்றை வைத்துப் போட்டது, நம் கடல் உப்புக் காற்றுக்கு அப்படியே பொருந்தும் என்று இல்லை, அதனால்தான் நிலையத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொன்னேன்.

மின்வெட்டு வந்தால் கருவியோடு வைஃபையும் போய்விடும், இரண்டுக்கும் சேர்த்து ஒரு சின்ன பேட்டரி வையுங்கள். ஒரு நாளின் சராசரி சொல்ல வேண்டுமென்றால் குறைந்தது 18 மணி நேர எண்களாவது கையில் இருக்க வேண்டும். நேரத்தையும் சரிபாருங்கள். பல தளங்கள் உலகப் பொது நேரத்தில் பதிவு செய்கின்றன, நம் நேரம் அதற்கு 2 மணி முன்னால். தீபாவளி இரவு இதற்கு நல்ல சோதனை: சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், மியர்பேங்க் எல்லா இடத்திலும் இருட்டியதும் வெடி தொடங்கும், எந்தக் கருவி அதை மாலை ஐந்து மணிக்குக் காட்டுகிறதோ அதன் கடிகாரம் தவறு.

எண்ணுக்குப் பக்கத்தில் எப்போதும் காற்றின் திசை எழுதுங்கள். தமிழில் வடக்கிலிருந்து வருவதை வாடை என்கிறோம், தெற்கிலிருந்து வருவதைத் தென்றல் என்கிறோம். வானிலைக் கணக்கிலும் அதே முறைதான், எங்கிருந்து வருகிறதோ அதுதான் பெயர், எங்கே போகிறது என்பது இல்லை. இதை மாற்றிப் புரிந்துகொண்டு தவறான ஆலையைக் குற்றம் சொன்னவர்களைப் பார்த்திருக்கிறேன். கூடவே ஒரு நோட்டுப் புத்தகம்: தேதி, மணி, தெரு, என்ன வாடை (அழுகிய முட்டையா, தீக்குச்சியா, பெயின்டா, கருகிய கரும்பா), எவ்வளவு நேரம், யாராவது ஆஸ்துமா பம்ப் எடுத்தார்களா. எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற ஒரு அக்கா இதை எழுதுகிறார். எங்கள் கருவிகள் எல்லாவற்றையும்விட அந்த நோட்டுக்குத்தான் நான் மதிப்புக் கொடுப்பேன், கருவிக்குத் தெரியாத வாயு அவர் மூக்குக்குத் தெரிகிறது.

இனி எண்களை எதோடு ஒப்பிடுவது என்று பார்ப்போம். தென்னாப்பிரிக்கச் சட்டத்தில் பி.எம். 2.5க்கு 24 மணி நேரச் சராசரி கன மீட்டருக்கு 40 மைக்ரோகிராம், 2030 ஜனவரி 1 முதல் அது 25 ஆகும். உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் சொன்னது 15. சல்ஃபர் டை ஆக்சைடுக்கு 10 நிமிஷத்துக்கு 500, ஒரு மணிக்கு 350, ஒரு நாளுக்கு 125. சராசரியைச் சராசரியோடுதான் ஒப்பிட வேண்டும். ஐந்து நிமிஷம் 90க்குப் போனதைப் படம் பிடித்து "சட்டத்தை மீறிவிட்டார்கள்" என்று எழுதாதீர்கள், 40 என்பது முழு நாளுக்கான வரம்பு.

புகார் எழுதும்போது 2004ஆம் ஆண்டு காற்றுத் தரச் சட்டத்தை நினைவில் வையுங்கள். அதன்படி ஒவ்வொரு நகராட்சியும் ஒரு காற்றுத் தர அதிகாரியை நியமிக்க வேண்டும், டர்பனின் நகராட்சியான எத்தெக்வினிக்கும் அது பொருந்தும். அவருக்கே எழுதுங்கள், கோபத்தைக் குறைத்து விவரத்தைக் கூட்டி: இன்ன தேதி, இன்ன மணி முதல் இன்ன மணி வரை, இன்ன திசைக் காற்று, மூன்று இடத்து எண், நான்கு வீட்டு நோட்டுக் குறிப்பு. பக்கத்து ஆலையின் உமிழ்வு உரிமத்தில் என்ன வரம்பு போட்டிருக்கிறது என்று தெரியவில்லையா, 2000ஆம் ஆண்டுத் தகவல் பெறும் சட்டத்தின்படி விண்ணப்பம் போடுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும்.

நாங்கள் ஒவ்வொரு ஏப்ரலிலும் எல்லாக் கருவிகளையும் கழற்றிச் சுத்தம் செய்து, மறுபடி ஒரே சுவரில் இரண்டு வாரம் ஓடவிடுகிறோம். தேய்ந்த சென்சாரை மாற்றிவிட்டு, குளிர் இறங்கும் முன் மே முதல் வாரத்துக்குள் திரும்பவும் அந்தந்த வீட்டுச் சுவரில் மாட்டிவிடுவோம்.