தழும்புக்கான இழப்பீடு: மேல்முறையீட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்கப் படைகளில் பணியாற்றி வெளியே வந்தவர்கள் முன்னாள் படைவீரர் நலத்துறையிடம் போடும் இழப்பீட்டு மனுக்களில் தழும்பைப் போல் அலட்சியமாகக் கையாளப்படுவது வேறொன்றில்லை. முதுகுவலிக்கும் காது இரைச்சலுக்கும் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். தழும்புக்கு ஒரே வரி. 'பூஜ்யம் சதவீதம்', அதாவது பணம் எதுவும் இல்லை, என்று கடிதம் வந்த பிறகுதான் விழித்துக்கொள்கிறார்கள். குறிப்பிட்ட மொழிகள் தெரிந்த வெளிநாட்டவரைப் படையில் சேர்த்த மாவ்னி திட்டம் 2009-இல் தொடங்கி 2016-இல் நிறுத்தப்படும் வரை, அதன் மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது. அந்த வழியில் படையில் சேர்ந்த நம்மவர்கள் சிலரும் இப்போது இந்த மனுக்களோடு வருகிறார்கள். அங்கீகாரம் பெற்ற பிரதிநிதியாக அவர்களுடைய கோப்புகளைப் படிக்கும்போதும், இந்தப் பணிக்குப் புதிதாக வருகிறவர்களின் வரைவுகளைத் திருத்தும்போதும், நான் தொடக்கக் காலத்தில் செய்த அதே பிழைகள்தான் கண்ணில் படுகின்றன. கையெழுத்திட மறப்பது, பழைய முகவரியைக் கொடுப்பது போன்றவற்றை விட்டுவிடுகிறேன்.

பரிசோதனையில் 'பரவாயில்லை' என்று சொல்லிவிட்டு வருவது

இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் எனக்கு எரிச்சல் தரும் தவறு இதுதான்.

தலை, முகம், கழுத்து தவிர மற்ற இடங்களில் உள்ள தழும்புகளைப் பரப்பளவை வைத்து மதிப்பிடும் விதிகள் உண்டு. ஆனால் அடித்திசு சேதமடையாத தழும்பு 144 சதுர அங்குலமாவது இருந்தால்தான் துறையின் மதிப்பீட்டு அட்டவணையில் 7802 என்ற எண்ணின் கீழ் 10 சதவீதம் கிடைக்கும். சாதாரண அறுவைச் சிகிச்சைத் தழும்பு அதன் பக்கத்தில்கூட வராது. மிஞ்சுவது 7804. வலியுள்ள அல்லது நிலையற்ற தழும்பு ஒன்றோ இரண்டோ இருந்தால் 10 சதவீதம். மூன்று அல்லது நான்கு என்றால் 20. ஐந்துக்கும் அதற்கு மேலும் 30. மேல்தோல் அடிக்கடி உரிந்துபோகும் தழும்பைத்தான் நிலையற்றது என்கிறார்கள். ஒரே தழும்பு வலியும் தந்து உரியவும் செய்தால் இன்னொரு 10 சேரும். ஆக, பெரும்பாலானவர்களின் மனு 'வலிக்கிறதா?' என்ற ஒற்றைக் கேள்வியில் தொங்குகிறது. துறை ஏற்பாடு செய்யும் மருத்துவப் பரிசோதனையில் அந்தக் கேள்விக்கு நம் ஆட்கள் சொல்லும் பதில்: "இப்போது பரவாயில்லை, டாக்டர்."

ஒருவர் வந்தார். காறை எலும்பு முறிந்து தகடு வைத்ததில் தோளருகே நீளமாக ஒரு தழும்பு, முன்கையில் தீக்காயத் தழும்புகள் இரண்டு. பரிசோதனை அறிக்கையில் 'வலியுள்ள தழும்பு உண்டா?' என்ற இடத்தில் 'இல்லை' என்று குறித்திருந்தது. பூஜ்யம். அவரோடு காரில் போனபோது பார்த்தேன்: சீட் பெல்ட்டைப் பூட்டியதும், கதவின் பையிலிருந்து நான்காக மடித்த கைத்துண்டு ஒன்றை எடுத்து, பெல்ட்டுக்கும் தோளுக்கும் நடுவே செருகினார். துண்டின் நடுவில் பெல்ட் அழுத்திய தடம் பளபளத்தது. ஏன் என்று கேட்டேன். "அது இல்லாமல் ஓட்ட முடியாது அண்ணா, தழும்பில் நெருப்பை வைத்தது போல் இருக்கும்" என்றார். டாக்டரிடம் இதைச் சொன்னீர்களா என்றேன். "அன்றைக்குச் சட்டையைக் கழற்றிவிட்டுத்தானே உட்கார்ந்திருந்தேன், வலிக்கவில்லை" என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை. அந்த நிமிடத்தில் வலிக்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் விதி அந்த நிமிடத்தைக் கேட்கவில்லை. பழைய விதியில் 'பரிசோதனையின்போது வலிக்கும் மேலோட்டமான தழும்பு' என்று இருந்தது உண்மை. 2008 அக்டோபர் 23 முதல் அந்த நிபந்தனை போய்விட்டது. வலியுள்ளதா என்பது மட்டுமே கேள்வி. அதன் பிறகு இத்தனை ஆண்டுகள் கடந்தும், அழுத்திப் பார்க்கும்போது முகம் சுளித்தால்தான் வலி என்று நினைத்துக்கொண்டு மனுதாரர்கள் பரிசோதனைக்குப் போகிறார்கள். அவர்களைத் தயார்செய்ய வேண்டிய புதிய பிரதிநிதிகளும் அப்படியே நம்புகிறார்கள். இதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

வலி என்பது அனுபவிப்பவர் தானே சொல்லக்கூடிய விஷயம். அதற்கு மருத்துவப் பட்டம் வேண்டியதில்லை. அந்தக் காலத்து மருத்துவப் பதிவு இல்லை என்ற ஒரே காரணத்தைச் சொல்லி ஒரு வீரரின் வாக்குமூலத்தை நம்ப முடியாது என்று தள்ளக் கூடாது என்று 2006-இல் புக்கானன் வழக்கில் மேல்நீதிமன்றம் சொல்லிவிட்டது. இரு பக்கச் சான்றும் சமமாக நின்றால் சந்தேகத்தின் பலன் வீரருக்குத்தான் என்பதும் சட்டம். இதெல்லாம் நம் பக்கம் இருக்கிறது. ஆனால் 'வலி இல்லை என்றார்' என்று அவருடைய வாய்மொழியாகவே ஒரு பதிவு கோப்பில் ஏறிவிட்டால், மேல்முறையீட்டு வாரிய நீதிபதிக்கு முன்னால் அவருடைய இரண்டு சொற்கள் எதிரெதிரே நிற்கும். பணம் கேட்பதற்கு முன் சொன்னதா, மறுக்கப்பட்ட பிறகு சொன்னதா என்று பார்த்து எடைபோடுவார்கள். அந்த எடையை மாற்ற ஓராண்டு போய்விடும்.

ஆகவே பரிசோதனைக்கு முந்தைய நாளே உட்கார்ந்து எழுதுங்கள். ஒவ்வொரு தழும்புக்கும் தனித்தனியாக: எங்கே இருக்கிறது, எது பட்டால் வலிக்கிறது, எவ்வளவு நேரம், அதற்காக எதைத் தவிர்க்கிறீர்கள். சீட் பெல்ட், பையின் வார், இடுப்புப் பட்டை, குளிர்காலத்துக் காற்று, குழந்தையைத் தோளில் தூக்குவது. மனைவியோ உடன் பணியாற்றியவரோ கண்ணால் கண்டதை ஒரு கடிதமாக எழுதித் தரட்டும். மிகைப்படுத்த வேண்டாம், நடப்பதைச் சொன்னாலே போதும். 'தழும்புகள் வலிக்கும்' என்று மொத்தமாக எழுதாதீர்கள். இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே 10 சதவீதம் இருக்கிறது.

தவறான வழியில் மேல்முறையீடு செய்வது

மேலே சொன்னவர் என்னிடம் வருவதற்கு முன்பே ஒரு மேல்முறையீடு செய்திருந்தார். மனைவியின் கடிதத்தை இணைத்து, உயர்நிலை மறுஆய்வு கேட்டிருந்தார். அந்த வழியில் புதிய சான்று எதையும் பார்க்க மாட்டார்கள். ஏற்கெனவே கோப்பில் இருப்பதை இன்னொரு மூத்த அதிகாரி திரும்பப் படிப்பார், அவ்வளவே. அருமையான அந்தக் கடிதம் யார் கண்ணிலும் படவில்லை.

2019 பிப்ரவரி 19 முதல் நடைமுறையில் இருக்கும் முறையில் மூன்று வழிகள். அதிகாரி விதியைத் தவறாகப் படித்திருந்தால் உயர்நிலை மறுஆய்வு. புதிய சான்று இருந்தால் துணை மனு. மூன்றாவது, வாரியத்திடம் போவது. அதிலும் மூன்று வரிசைகள் உண்டு. நேரடி வரிசையில் புதிய சான்று ஏற்கப்படாது. சான்று வரிசையில் மேல்முறையீட்டோடு சேர்த்தோ, அதன்பின் 90 நாளுக்குள்ளோ தரலாம். விசாரணை வரிசையில் விசாரணை நாளிலும் அதன்பின் 90 நாளுக்குள்ளும். அவருக்குத் துணை மனு போட்டோம். கைத்துண்டைப் பற்றிய கடிதம் இந்த முறை படிக்கப்பட்டது. மறுபரிசோதனையில் மூன்று தழும்பும் வலியுள்ளவை என்று பதிவாகி 20 சதவீதம் கிடைத்தது.

எல்லாவற்றையும் ஒரே எண்ணில் அடைப்பது

ஒரே காயத்தின் விளைவுகள் வெவ்வேறாக இருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனி மதிப்பீடு கேட்கலாம். 1994-இல் வந்த எஸ்டெபன் வழக்கு இதற்கு அடித்தளம். முகத்தில் காயம்பட்டவர், உருக்குலைவு ஒன்று, வலியுள்ள தழும்பு ஒன்று, மெல்லுவதைத் தடுக்கும் தசைச் சேதம் ஒன்று. ஒன்றின் அறிகுறி மற்றொன்றில் கலக்கவில்லை என்பதால் மூன்றுக்கும் தனித்தனியே 10 சதவீதம் உண்டு என்றது நீதிமன்றம். துறையின் கணக்கில் அடுத்த சதவீதம் மீதமுள்ள பங்கில்தான் எடுக்கப்படும்; அதனால் 10-உம் 10-உம் சேர்ந்தால் 19, இன்னொரு 10 சேர்ந்தால் 27, முழுமையாக்கினால் 30. தழும்பு மூட்டை மடக்கவிடாமல் இழுத்தால் அதையும் 7805 வழியாகத் தனியே கேளுங்கள்.

மரத்துப்போனதை வலி என்று எழுதுவது

அது நரம்பு. வேறு விதி, வேறு பரிசோதனை.

முகத் தழும்பை அளக்காமல் விடுவது

முகம், தலை, கழுத்துக்கு 7800. நீளம், அகலம், மேடு பள்ளம், அடித்திசுவோடு ஒட்டியிருப்பது என்று எட்டு உருக்குலைவு அம்சங்களைப் பட்டியலிட்டிருக்கிறார்கள். ஒன்று இருந்தால் 10 சதவீதம், இரண்டு அல்லது மூன்றுக்கு 30. அகலத்துக்கான வரம்பு கால் அங்குலம், அதாவது 0.6 சென்டிமீட்டர், மிக அகலமான இடத்தில் அளக்க வேண்டும். அறிக்கையில் 0.5 என்று இருந்தால் எங்கே அளந்தார்கள் என்று கேளுங்கள். திருத்தப்படாத வண்ணப் புகைப்படங்களைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்று விதியே சொல்கிறது. பக்கத்தில் அளவுகோல் வைத்து, பகல் வெளிச்சத்தில், கைப்பேசியின் அழகூட்டும் வசதியை அணைத்துவிட்டு எடுங்கள்.

கெடு

முடிவுக் கடிதத்தின் தேதியிலிருந்து ஓராண்டு. தவறினால் இழப்பீடு தொடங்கும் பழைய தேதியும் போய்விடும். வாரியமும் மறுத்து, நீதிமன்றம் போவதானால் 120 நாள்.