கையுறைக்காரரைத் தேடும் முன்

நாற்பது ஜால்லோ படங்களாவது பார்த்திருப்பேன். கொலையாளியைச் சரியாகச் சொன்னது மூன்றில்தான். இத்தனைக்கும் என் தொழில் மெய்ப்புப் பார்ப்பது.

ஜால்லோ என்றால் இத்தாலிய மொழியில் மஞ்சள். மொண்டடோரி பதிப்பகம் 1929இல் துப்பறியும் கதைகளை மஞ்சள் அட்டையில் வெளியிடத் தொடங்கியது. அட்டையின் நிறமே கதைக்குப் பெயராயிற்று. அறுபதுகளிலும் எழுபதுகளிலும் சொற்பச் செலவில் எடுத்துக் குவித்த கொலை மர்மப் படங்களுக்கும் அதே பெயர்.

புதிதாகப் பார்ப்பவர்கள் இயக்குநர் தாரியோ அர்ஜெந்தோவின் முதல் படத்திலிருந்து தொடங்குங்கள். 1970இல் வந்தது; தலைப்பைத் தமிழில் ‘பளிங்குச் சிறகுப் பறவை’ எனலாம். ரோம் நகரில் இரவில் நடந்துபோகும் அமெரிக்க எழுத்தாளர் ஒருவர், கலைக்கூடத்தின் கண்ணாடிக்கு அப்பால் ஒரு பெண்ணும் கருப்பு உடை உருவமும் போராடுவதைப் பார்க்கிறார். காப்பாற்ற ஓடுகிறார்; இரண்டு கண்ணாடிக் கதவுகளுக்கு நடுவே மாட்டிக்கொள்கிறார். உள்ளே அந்தப் பெண் ரத்தம் வழிய ஊர்ந்து வருகிறாள். வெளியே தெருவில் போகிறவருக்கு இவர் கத்துவது கேட்கவில்லை. பிறகு படம் முழுக்க அவருக்கு ஒரே உறுத்தல்: பார்த்ததில் ஏதோ பொருந்தவில்லை, எது என்று பிடிபடவில்லை.

இங்கே படத்தை நிறுத்துங்கள். ஒரு தாளில், பார்த்ததை மட்டும் எழுதுங்கள். யார் எங்கே நின்றார்கள், கை எந்தப் பக்கம் போனது, அவ்வளவுதான். ஊகித்ததை எழுதாதீர்கள். எழுதி முடித்தபின் காட்சியை மறுபடி ஓட்டிப் பாருங்கள். இரண்டு வரியாவது அடிக்க வேண்டியிருக்கும். பெரிய எழுத்துத்தான் கண்ணுக்குத் தப்பும் என்பது எங்கள் தொழிலில் பாலபாடம். ஒருமுறை என் கைவழியே போன முதல் பக்கத் தலைப்பில் ‘பாராட்டு விழா’ துணைக்கால் இழந்து ‘பாராட்டு விழ’ என்று அச்சாகி ஊரெல்லாம் சிரித்தது. உள்ளே பொடி எழுத்தில் ஒரு பிழைகூட இல்லை.

கொலையாளி மாட்டியிருக்கும் கருப்புக் கையுறைகளை ஆராய வேண்டாம். அர்ஜெந்தோவின் படங்களில் அண்மைக் காட்சிகளில் வருபவை பெரும்பாலும் அவருடைய கைகளே. குரலும் துப்பாகாது. நடிகர்கள் அவரவர் மொழியில் பேசி நடிக்க, குரலைப் பின்னால் சேர்ப்பது அன்றைய இத்தாலிய வழக்கம். உதடு பொருந்தாவிட்டால் உங்கள் தொலைக்காட்சியைக் குறை சொல்லாதீர்கள். கதை ஓட்டையா என்றும் கேட்காதீர்கள். ஓட்டைதான்.

அடுத்து மரியோ பாவா 1964இல் எடுத்த, ஆடை அலங்கார நிறுவனத்தில் கொலைகள் நடக்கும் படம். வீட்டு விளக்குகளை அணைத்துவிட்டுப் பாருங்கள். பழம்பொருள் கடைக்குள் ஒரு பெண் தனியாக நடக்கும் காட்சியில் பச்சை வெளிச்சம் அணைந்து அணைந்து எரியும். ஒவ்வொரு முறை இருளும்போதும் கடை வேறொன்றாகிவிடும். பாவா அடிப்படையில் ஒளிப்பதிவாளர். கேமராவை நகர்த்தக் குழந்தைகளின் பொம்மை வண்டியைப் பயன்படுத்தினாராம். பெண்களைக் கொல்வதை இவ்வளவு அழகாகக் காட்ட வேண்டுமா என்ற கேள்வி எனக்கு இன்றும் உண்டு. உங்களுக்கும் வந்தால் அடக்காதீர்கள்.

மூன்றாவதாக, அர்ஜெந்தோவின் 1975ஆம் ஆண்டுப் படம், ‘அடர்சிவப்பு’. இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஓடும் இத்தாலியப் பதிப்பையே தேடுங்கள். வெளிநாட்டுக்கு அனுப்பிய பதிப்பில் இருபது நிமிடம் போல வெட்டிவிட்டார்கள். அதில் பியானோ கலைஞர் ஒருவர் கொலை நடந்த வீட்டுக்குள் ஓடுகிறார். நடைவழி நெடுக ஓவியங்கள். பதில் அங்கேயே திரையில் இருக்கிறது. கேமரா நிற்காமல் கடந்துபோகிறது. நான் தாளும் பேனாவுமாக உட்கார்ந்து எல்லா ஓவியங்களையும் வரிசையாகக் குறித்தேன். எண்ணிக்கையில் ஒன்று கூடுதலாக வந்தது. எண்ணியதில்தான் பிழை என்று நினைத்து அதை அடித்துவிட்டேன்.