வேட்டை மீன்களுடன் சின்ன இறால்: பலரும் விடும் பிழைகள்

ஏஞ்சல் மீன் நிற்கும் தொட்டியில் செரி இறாலை (தொட்டிகளில் வளர்க்கும் சின்னச் சிவப்பு நன்னீர் இறால்) விடலாமா என்று கேட்டால், "விடுங்கள், ஒன்றும் செய்யாது" என்பார் கடைக்காரர். அந்த நேரத்துக்கு அது உண்மைதான். விற்பனைக்கு இருக்கும் ஏஞ்சல் குஞ்சு ஒரு ரூபாய்க் குற்றி அளவுதான் இருக்கும். வளர்ந்த இறால் அதன் வாய்க்குள் நுழையாது. சில மாதங்களில் அதே மீன் உள்ளங்கை அகலத்துக்கு வந்துவிடும். இறால் மட்டும் அதே 3 சென்ரிமீற்றரில் நிற்கும். மீனை இன்றைய அளவில் பார்த்து முடிவெடுப்பதுதான் முதற்பிழை.

மீனின் வாயைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். பல வேட்டை மீன்களுக்குத் துரத்திக் கடிக்கும் வேலையே இல்லை. இரைக்கு முன்னால் அசையாமல் நின்று, வாயையும் செவுள் மூடியையும் சட்டென்று விரிக்கும். உள்ளே அழுத்தம் குறையத் தண்ணீரோடு சேர்ந்து இறாலும் போய்விடும். இறாலுக்கு இருக்கும் தற்காப்பெல்லாம் வாலை மடித்து அடித்துப் பின்பக்கமாகத் துள்ளுவதுதான். ஓடையில் அந்தத் துள்ளல் போதும். இரண்டடித் தொட்டியில் துள்ளிய இடத்தில் கண்ணாடி இருக்கும், இல்லையென்றால் இன்னொரு மீன் இருக்கும்.

ஒஸ்கார் 30 சென்ரிமீற்றர் வரை வளரும். ஃப்ளவர்ஹோர்ன், அரோவானா, விரால் எல்லாம் அதே மாதிரிப் பசிக்காரர்கள். இவற்றின் தொட்டியில் இறாலை விடுவது தீனி போடுவது. அதைத் தீனி என்றே ஒப்புக்கொண்டால் எனக்கு வாதமில்லை; "சேர்த்து வளர்க்கிறேன்" என்று சொல்லும்போதுதான் எரிச்சல் வருகிறது. வாயின் அளவை மட்டும் பார்ப்பவர்களையும் ஏமாற்றும் மீன் ஒன்று உண்டு. கேரளத்து ஆறுகளைச் சேர்ந்த குள்ளப் பஃபர் ஏறத்தாழ 3 சென்ரிமீற்றர்தான் வளரும். ஆனால் அதற்கு அலகுபோன்ற பல் இருப்பதால் முழுதாக விழுங்காமல் காலையும் கண்ணையும் கொத்திக் கொத்தி எடுக்கும். ஃபைட்டர் மீனிலோ ஒன்று சாதுவாக இருக்கும், அதன் உடன்பிறப்பு ஒரே இரவில் தொட்டியைத் துப்புரவாக்கிவிடும். முன்கூட்டிச் சொல்லவே முடியாது.

"வயிறு நிறையத் தீனி போட்டால் வேட்டையாடாது" என்ற நம்பிக்கையும் பரவலாக இருக்கிறது. நிறைந்த வயிற்றோடும் மீன் வாயைத் திறக்கும். முன்னால் ஏதாவது அசைந்தால் போதும்.

இறால் உண்மையில் எப்போது மாட்டுகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. வளரும் இறால் சில வாரங்களுக்கு ஒருமுறை தோலைக் கழற்றும். காலையில் தொட்டியின் அடியில் கண்ணாடித் தாள்போல ஒரு வெற்றுக்கூடு கிடக்கும். மீசை, கால், வால்விசிறி எல்லாம் அப்படியே இருக்கும். இறால் செத்துவிட்டது என்று நினைத்து அதை அள்ளி வீசுபவர்கள் உண்டு. கூட்டை விட்டு வெளியே வந்த இறால் அப்போது எங்கோ ஒரு மூலையில், புதுத்தோல் இறுகும்வரை பஞ்சுபோல மென்மையாகப் பதுங்கியிருக்கும். தோல் கழற்றியதும் பெட்டை இறால் தண்ணீரில் ஒரு வாசனையை விடும். ஆண்கள் தொட்டி முழுவதும் பறந்து அலையும். மீனுக்கு இதைவிட நல்ல விருந்து வராது. ஆகவே மறைவிடமே இல்லாத தொட்டியில், நாலு வாரம் எதுவும் நடக்கவில்லை என்பதை நம்பி இருந்துவிடாதீர்கள்.

மறைவிடம் என்றதும் கடையில் விற்கும் கோட்டையையும் உடைந்த கப்பலையும் வாங்கி வைப்பார்கள். அவற்றின் வாசலில் மீனே குடியிருக்கும். இடைவெளி மீனின் தலையைவிடச் சிறியதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் விதி. கைப்பிடி கைப்பிடியாகக் கட்டிய ஜாவா பாசி, ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கி அடுக்கிய கூழாங்கல், உடைந்த ஓட்டுத் துண்டுகள் போதும். திருகோணமலையின் உப்புவெளி, நிலாவெளிக் கரையில் கிடக்கும் முருகைக்கல்லைப் பொறுக்கி வந்து போடுபவர்களுக்கு: அது தண்ணீரின் கடினத்தன்மையை ஏற்றிக்கொண்டே போகும். அதைவிட, முருகைக்கல்லை எடுப்பது சட்டப்படி குற்றம். விட்டுவிடுங்கள்.

நான் பெரிதாக நினைப்பது இன்னொன்று. இறாலைக் கூட்டமாகப் பெருக்காமல் பத்துப் பதினைந்தை வாங்கி நேரே மீன் தொட்டியில் கொட்டுவது வீண் செலவு. செரி இறால் 20 முதல் 30 முட்டைகளை வயிற்றின் அடியில் சுமக்கும். நீந்துகால்களால் ஓயாமல் விசிறி அவற்றுக்குக் காற்றுக் கொடுத்துக்கொண்டிருக்கும். மூன்று நான்கு வாரத்தில், தாயின் அச்சாகவே, ஏறத்தாழ 2 மில்லிமீற்றர் நீளத்தில் குஞ்சுகள் வெளியே வரும். அந்த அளவுக் குஞ்சை விழுங்க ஏஞ்சலைத் தேட வேண்டாம், சின்னக் கப்பி மீனே போதும். எனவே மீனில்லாத ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் பஞ்சு வடிகட்டியும் பாசியும் போட்டு, சில மாதம் பெருக விடுங்கள். பிறகு அதிலிருந்து மிஞ்சுவதை மீன் தொட்டிக்கு அனுப்பலாம். இழப்பு இருக்கும். பெருக்கும் தொட்டியில் உள்ள மூலக்கூட்டம் குறையாமல் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. அனுப்பும்போது விளக்கை அணைத்து, இரவில், பாசிக்கு அருகே விடுங்கள். பையைத் தூக்கி மேலிருந்து கவிழ்த்தால், தீனி விழுகிறது என்று பழகிய மீன் நீர்மட்டத்திலேயே காத்து நிற்கும்.

அமானோ இறால் 5 சென்ரிமீற்றர் வரை வளர்வதால் சிறிய வாய்க்குத் தப்பும். ஆனால் அதன் குஞ்சு வளர உவர்நீர் வேண்டும். நன்னீர்த் தொட்டியில் தலைமுறை தொடராது.

திருகோணமலையில் ஒரு தனிக் குழப்பமும் உண்டு. குளத்திலும் மகாவலியின் கீழ்ப்பகுதியிலும் வலையில் சிக்கும் கண்ணாடிபோன்ற சின்ன இறாலைச் சும்மா கிடைக்கிறதே என்று கொண்டுவந்து தொட்டியில் விடுகிறார்கள். அதில் பெரிய நன்னீர் இறாலின் குஞ்சும் கலந்திருக்கலாம். வளர்ந்த ஆண் 30 சென்ரிமீற்றரை எட்டும். இரவில் தூங்கும் மீனையே பிடித்துத் தின்னும். இரண்டாவது சோடிக் கால்கள் மற்றக் கால்களைவிட நீண்டு கொடுக்கோடு முடிகின்றனவா என்று பாருங்கள். அப்படியென்றால் வேட்டைக்காரன் யார் என்பதே மாறிவிடுகிறது.

இனி, மீன்மேல் வீண்பழி. இறால் குறைந்தால் எல்லோரும் மீனைத்தான் சொல்வார்கள். மீன் தின்ற இறால் தடயமில்லாமல் போகும். வெளுத்து இளஞ்சிவப்பாக, முழு உடம்போடு அடியில் கிடந்தால் தண்ணீரையும் வெப்பத்தையும் சந்தேகியுங்கள். விடிந்ததும் பார்க்க வேண்டும். நேரம் போனால் மற்ற இறால்களே பிணத்தைத் தின்று முடித்துவிடும்.

கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடியில் வீட்டுக்குள் தொட்டித் தண்ணீர் 31, 32 பாகைக்கு ஏறிவிடும். செரி இறாலுக்கு 22 முதல் 26 வரைதான் சுகம். வெப்பம் ஏற ஏற நீரில் ஒட்சிசன் குறையும். தண்ணீர் மேற்பரப்பில் ஒரு சிறிய மின்விசிறியைத் திருப்பி வைத்தால் இரண்டு மூன்று பாகை இறங்கும். கச்சான் வறண்ட காற்று என்பதால் இது நன்றாக வேலை செய்யும். மாரியில் அவ்வளவு பலன் இராது. ஆவியாகும் தண்ணீருக்குப் பதிலாகக் கடற்கரையோரக் கிணற்று நீரையே ஊற்றிக்கொண்டிருந்தால் உப்பு சேர்ந்துகொண்டே போகும். ஆவியானதை ஈடுசெய்ய மழைநீரைச் சேமித்துப் பயன்படுத்துங்கள். குழாய் நீரென்றால் குளோரின் நீக்கும் மருந்து வேண்டும்.

நுளம்புக்குப் புகையடிக்க வருகிறார்கள் என்றால் இறால் வளர்ப்பவர் எழுந்து ஓட வேண்டும். நுளம்பைக் கொல்லும் மருந்து இறாலையும் கொல்லும். இரண்டும் ஒரே பெருங்குலத்து உயிர்கள். காற்றுப் பம்பு அறையின் காற்றை உறிஞ்சி நேரே தண்ணீருக்குள் தள்ளும், அதை முதலில் நிறுத்துங்கள். தொட்டியைப் பொலித்தீனால் மூடி, சன்னலைச் சாத்துங்கள். புகை கலைந்ததும் சன்னலைத் திறந்து, காற்றோட்டம் வந்தபின் பம்பைப் போடலாம். அறைக்குள் அடிக்கும் நுளம்பு ஸ்பிரேயும் இதே கதைதான். மீனுக்கு வெண்புள்ளி நோய் வந்தால் ஊற்றும் செப்பு கலந்த மருந்தும் அப்படியே: மீன் பிழைக்கும், இறால் முடிந்துவிடும்.

ஏற்கெனவே கலந்து விட்டவர்கள் வலையோடு துரத்த வேண்டாம், பாசியெல்லாம் கலைந்து மீனுக்குத்தான் வசதி. ஒரு சிறிய பிளாஸ்டிக் போத்தலின் கழுத்தை வெட்டி, தலைகீழாக உள்ளே செருகுங்கள். அவித்த கரட் துண்டு ஒன்றும் முழுக ஒரு கல்லும் போட்டு, இரவில் அடியில் கிடத்துங்கள். இறால் உள்ளே வரும். ஏஞ்சலின் உடம்பு அந்தக் கழுத்தில் நுழையாது. காலையில் போத்தலை எடுத்து, மற்றத் தொட்டியின் தண்ணீரை ஒரு மணித்தியாலம் சொட்டுச் சொட்டாகச் சேர்த்த பின் மாற்றுங்கள். வயிற்றில் முட்டையோடு இருப்பவற்றை முதலில் எடுங்கள்.